நோட்டுப்புத்தகம் யார் கையில்?

"மானிடவியல் படிச்சி என்ன செய்யப் போற? சோறு போடுமா?" சமூகம், பண்பாடு பற்றி முதுகலை படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால், ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பல வீடுகளில் வரும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் சோற்றுக் கணக்கோடு இன்னொன்றும் இருக்கிறது: நாம் யார் என்று எழுதுகிற உரிமை யாருக்கு?

நம்மில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன் பால் வெட்ட வந்து சேருமுன்பே அவர்களைப் போடும் பெட்டி தயாராக இருந்தது. 1891இல் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் மக்களை எண்ணியபோது 'தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்' என்று ஒரே தலைப்பு வைத்தான். 1896இல்தான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர்த் தோட்டம் போட்டார். இன்று பாரத்தில் நாம் டிக் போடும் 'இந்தியர்' கட்டம் அந்தத் தலைப்பின் பேரப்பிள்ளை.

பிறகு ஆய்வாளர்கள் வந்தார்கள். ரவீந்திர ஜெயின் என்ற இந்திய மானிடவியலாளர் 1960களின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் தங்கி நம்மவர் வாழ்க்கையைக் கவனித்தார். 1970இல் ஆங்கிலத்தில் நூல் வந்தது. தோட்டத்துக்கு அவர் வைத்த புனைபெயர் 'பால் மெலாயு'. பெயரை மறைத்தது நல்லதற்குத்தான். மனம்விட்டுப் பேசினவரைப் பிறகு துரையோ கிராணியோ பிடித்துக்கொள்ளக் கூடாதல்லவா? ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். அங்கே பால் வெட்டினவரின் பேத்தி இன்று அந்த நூலைத் திறந்தால், அதில் தன் பாட்டியை அடையாளம் காண முடியுமா? எத்தனையோ தோட்டங்களில் லயமே போய்விட்டது. எழுத்து மட்டும் நிற்கிறது.

வெளியாள் நம்மை எழுதினான் என்று குறைப்படுவது சுலபம். கொஞ்சம் காஜா பெராங் பக்கம் வாங்க.

அங்கே கம்போங் செட்டியில் இருப்பவர்கள் மலாக்கா செட்டிகள். (நகரத்தார் வேறு, இவர்கள் வேறு, நம் ஆட்களே குழப்பிக்கொள்கிறார்கள்.) சுல்தான் காலத்தில் வணிகத்துக்கு வந்த தென்னிந்தியர் வழிவந்தவர்கள். 1511இல் போர்த்துகீசியர் ஊரைப் பிடித்தபோது நைனா செட்டியைத்தான் பெண்டஹாராவாக வைத்தார்கள். தங்க ஆசாரி வீதியில், ஜாலான் துக்காங் எமாஸில், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களுடைய முன்னோர் கட்டியது. வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா. ஆனால் போகியன்று முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைக்கிறார்கள். அதற்குப் 'பார்ச்சு' என்று பெயர். மாரியம்மனுக்குத் திருவிழாவும் எடுக்கிறார்கள்.

"தமிழே தெரியாது, இவங்கள்லாம் என்ன தமிழங்க?" இதை நம்மவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். போர்த்துகீசியன், டச்சுக்காரன், வெள்ளைக்காரன் எல்லாரையும் தாண்டிச் சாமியை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு, நூறு வருஷத்துச் சொச்சமாய் இங்கிருக்கும் நாம் சான்றிதழ் தருகிறோம்! தோட்டத்து முனியாண்டியை "அதெல்லாம் ஆகமத்தில் இல்லை" என்று டவுன்காரர் தள்ளும்போதும் இதே அதிகாரம்தான் பேசுகிறது. எல்லா வழக்கத்தையும் அப்படியே காப்பாற்றணும் என்று நான் சொல்லவில்லை. ஆட்டு வெட்டு வேண்டாம் என்று நினைப்பவன் நான். ஆனால் அந்தப் பூசாரியிடம் ஒரு தடவையாவது உட்கார்ந்து, "ஐயா, இது உங்களுக்கு என்ன?" என்று கேட்டோமா?

அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுப்பதால்தான் நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போகணும்ங்கிறேன். மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே மானிடவியல், சமூகவியல் துறை இருக்கிறது. நம் பிள்ளை என்பதாலேயே பேனா நேர்மையாகிவிடாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சொந்தப் பாட்டியிடம் பேட்டி எடுக்கும் பேரனுக்கும் அவளைவிட அதிகாரம் உண்டு. எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவன் அவன்தானே. "இத எழுதாதய்யா" என்று அவள் சொன்னால் பேனாவை மூடத் தெரியணும். எழுதி முடித்ததும் நூலகத்தில் கொடுப்பதற்கு முன்னால் அவளுக்கு வாசித்துக் காட்டணும். தோட்டத்தில் என்றால் தமிழில். காஜா பெராங்கில் என்றால் மலாயில். அந்தப் பாட்டிக்கு வீட்டுமொழி அதுதான்.