பூச்சி சேகரிப்பும் கொல்லாமை அறமும்

எல்லா உயிர்களிலும் உயிருக்குயிராய் நின்றருள்பவன் சிவபெருமான் என்பது சைவத்தின் துணிபு. இன்று மானிடப் பிறவி பெற்றிருக்கும் ஆன்மா, தன் வினைக்கீடாக முன்னொரு பிறவியில் புழுவாகவோ பறவையாகவோ இருந்திருக்கலாம் என்று சித்தாந்தம் கூறும். ஆகவே சிற்றுயிர் என்பது உடம்பால் மட்டுமே சிறியது. தேவர்கள் எறும்பு வடிவெடுத்து இறைவனை வழிபட்ட தலம் என்பதால்தான் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள ஊர் திருவெறும்பூர் எனப் பெயர் பெற்றது. திருவானைக்காவிலே சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கட் சோழராகப் பிறந்து அறுபத்துமூவருள் ஒருவராயிற்று. உயிர்களை அறிவின் வழியே வகுத்த தொல்காப்பியரும் எறும்பையும் கறையானையும் மூவறிவுடையன என்றும், நண்டையும் தும்பியையும் நான்கறிவுடையன என்றும் வைத்தார். அறிவே இல்லாதது என்று எந்த உயிரையும் அவர் தள்ளவில்லை.

இத்தகைய நெறியிலே வளர்ந்த பிள்ளையொன்று பல்கலைக்கழகத்தில் விலங்கியலோ விவசாயமோ கற்கச் செல்கிறது. அங்கே பூச்சிகளைப் பிடித்து, கொன்று, ஊசி குத்திப் பெட்டியிலே அடுக்கிக் கொடுக்குமாறு பணிக்கப்படுகிறது. விடுமுறைக்கு ஊர் வந்த பிள்ளை களப்போரத்தில் வலையோடு திரிவதைக் கண்ட பேத்தியார், "ஏன் மோனை இந்தப் பாவத்தைச் சேர்க்கிறாய்?" என்று கேட்பார். பிள்ளையிடம் மறுமொழி இராது. அது படிப்புக்காகத்தானே என்று சொல்லித் தட்டிவிடலாம். ஆனால் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடுவதில்லை.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை உள்ளபடி அறிதல் வேண்டும். அகன்ற வாயுடைய கண்ணாடிப் போத்தலின் அடியிலே பாரிஸ் சாந்து ஊற்றி இறுகவிட்டு, அதன் மேல் எதைல் அசற்றேற்றுச் சில துளிகள் விடுவர். பிடித்த வண்டையோ குளவியையோ உள்ளே இட்டு மூடினால் ஆவியில் மயங்கிச் சாகும். முற்காலத்தில் இதற்குச் சயனைட்டைப் பயன்படுத்தினர். வண்ணத்துப்பூச்சி போத்தலுக்குள் படபடத்துச் சிறகைக் கிழித்துக்கொள்ளும் என்பதால், மார்பை இரு விரல்களால் நெரித்துவிடுவது வழக்கம். மென்மையான உடம்புடையவை மதுசாரத்தில் இடப்படும். பின்னர் துருப்பிடிக்காத மெல்லிய ஊசியை வண்டாயின் வலப்புறக் கடினச் சிறகினூடாகவும், வண்ணத்துப்பூச்சியாயின் மார்பின் நடுவிலும் செலுத்துவர். சிறகுகளைப் பலகையில் விரித்துச் சில நாள் உலரவிட்டு, நப்தலின் உருண்டையோடு பெட்டியில் வைப்பர். எறும்பும் சிறு வண்டும் அந்தப் பெட்டிக்குள் புகுந்து அத்தனையையும் தூளாக்கிவிடுவதும் உண்டு.

ஊசி குத்துவது என்றதும் மகாபாரதம் அறிந்தோர்க்கு ஆணிமாண்டவியர் நினைவுக்கு வருவார். மௌன விரதம் பூண்டு தவத்தில் இருந்த மாண்டவிய முனிவரின் ஆச்சிரமத்திலே கள்வர் சிலர் களவுப் பொருளோடு ஒளிந்துகொண்டனர். தேடி வந்த காவலர், வாய் திறவாத முனிவரையும் கள்வரோடு சேர்த்துப் பிடித்தனர். அரசன் அவரைக் கழுவில் ஏற்றினான். தவ வலிமையால் அவர் உயிர் பிரியவில்லை. உண்மை தெரிந்ததும் அரசன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். கழுமரத்தை உருவ முடியாமற் போகவே அதை அறுத்துவிட்டார்கள். எஞ்சிய முனை உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. அதனாலேயே அவருக்கு ஆணிமாண்டவியர் என்று பெயர்.

முனிவர் தருமதேவனிடம் சென்று, "எந்த வினைக்காக எனக்கு இது நேர்ந்தது?" என்று கேட்டார். சிறு பராயத்தில் பூச்சிகளைப் பிடித்துப் புல்லின் ஈர்க்கால் குத்தி விளையாடியதன் பயன் இது என்றான் தருமதேவன். முனிவர் அதை ஒப்பவில்லை. அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று சினந்து, நீ மண்ணுலகில் பணிப்பெண்ணின் வயிற்றில் பிறக்கக்கடவாய் எனச் சபித்தார். அப்படிப் பிறந்தவரே விதுரர். அத்தோடு, பதினான்கு வயது வரை செய்பவை பாவக் கணக்கில் சேரா என்று ஒரு வரம்பையும் முனிவர் அன்றே வகுத்தார்.

இக்கதையைப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்காகச் சொல்வோர் பாதியோடு நிறுத்திவிடுகின்றனர். முழுவதையும் பார்த்தால் அதில் இரண்டு செய்திகள் உள்ளன. பூச்சியைக் குத்தியது வினையே அல்ல என்று முனிவர் வாதிடவில்லை. அறியாமல் செய்ததற்கு அளவு மீறிய தண்டனை தகாது என்றே வாதிட்டார். அப்படியானால் பதினான்கு வயதைக் கடந்து, என்ன செய்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு ஊசியை எடுப்பவருக்கு அந்த வரம்பு துணைநிற்காது. பல்கலைக்கழக மாணவருக்கு வயது இருபதுக்கு மேல்.

இங்கே மறுப்பொன்று எழும். இறக்கக்கண்டிக் களப்பிலே இறாலும் நண்டும் மீனும் பிடித்தே எத்தனையோ குடும்பங்கள் உலையேற்றுகின்றன. இரவில் நுளம்புச் சுருள் கொளுத்தாத வீடு இல்லை. வயலுக்குப் பூச்சிமருந்து விசிறினால் ஒரே காலையில் இலட்சக்கணக்கான உயிர்கள் மடிகின்றன. அம்பாளுக்குச் சாத்தும் ஒரு பட்டுச்சேலைக்கு ஆயிரக்கணக்கான பட்டுப்புழுக் கூடுகள் கொதிநீரில் இடப்படுகின்றன. இவற்றையெல்லாம் செய்துகொண்டு, வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பிடித்த மாணவியைப் பார்த்துப் பாவம் என்பது பொருந்துமா?

மறுப்பு நியாயமானதே. ஆனாலும் அது கேள்வியை அழிப்பதில்லை. பிறர் செய்யும் வினை தன் வினையைக் குறைக்கும் என்று சைவம் எங்கும் சொல்லவில்லை. வலைஞர் பசிக்காகப் பிடிக்கிறார். நுளம்பைக் கொல்பவர் நோய்க்கு அஞ்சிக் கொல்கிறார். பூச்சி சேகரிப்பவருக்குப் பசியும் இல்லை, அச்சமும் இல்லை. அறிய வேண்டும் என்பதற்காகவே அவர் கொல்கிறார். எனவே அந்த அறிவு எத்தகையது, யாருக்குப் பயன்படுவது என்பதையே பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அறிவின் பயனைக் காட்டுவதற்கு இலங்கையில் காய்ச்சலின் கதையை விட நல்ல சான்று இல்லை.

1934-35 இல் இலங்கையில் பரவிய மலேரியாக் காய்ச்சல் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோயிற்று. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, ஆற்றுப்படுக்கையிலே தேங்கிய சிறு குட்டைகளில் ஒருவகை நுளம்பு பெருகியதே காரணம். இந்நாட்டில் அனோபிலிஸ் நுளம்பில் இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் கியூலிசிபேசிஸ் என்ற இனமே முதன்மையாக இக்காய்ச்சலைப் பரப்புவது என்று தெரிந்தது எவ்வாறு? ஊர் ஊராக நுளம்புகளைப் பிடித்து, கொன்று, உருப்பெருக்கியின் கீழ் இனம் பிரித்து, வயிற்றையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் கீறிப் பார்த்தவர்களாலேதான். 1897 ஆகஸ்ட் 20 ஆம் திகதி செகந்திராபாத்தில் றொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டதும் அவ்வாறே.

நாற்பதுகளில் டி.டி.ரி. மருந்து வந்தது. 1963 இல் நாடு முழுவதற்கும் பதினேழு நோயாளர்களே பதிவாயினர். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காய்ச்சல் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மீண்டும் பல்லாண்டு பாடுபட்டு, 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் பிடிபட்ட நுளம்புகளுள் ஸ்டீபன்சி என்ற புதிய இனம் இருப்பதைப் பூச்சியியலாளர் கண்டனர். இந்தியாவில் நகரங்களிலே கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகிக் காய்ச்சலைப் பரப்பும் இனம் அது. வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு அதுவும் ஒரு நுளம்பு, அவ்வளவுதான். ஊசியில் குத்திப் பெயர் எழுதி வைத்த பழைய நுளம்புகள் இருந்தபடியால்தான், இது இந்த மண்ணில் இல்லாத ஒன்று என்று சொல்ல முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எது பகை என்று தெரியாதவர் எல்லாவற்றையும் கொல்கிறார். தெரிந்தவர் ஒன்றைக் குறி வைக்கிறார். வயலில் குளவி பறந்தால் மருந்தடிக்க ஓடுபவருக்கு, அக்குளவி பயிரைத் தின்னும் புழுவின் மேல் முட்டையிட்டு அதை அழிப்பது என்று தெரிந்தால் கை நின்றுவிடும். அந்தக் குளவிக்கு ஒரு பெயர் வைத்து அதன் இயல்பை எழுதுவதற்கு எங்கோ ஒரு பெட்டியில் சில குளவிகள் செத்திருக்கின்றன. சிலவற்றின் சாவு பலவற்றின் சாவைத் தடுக்கிறது என்றால், சேகரிப்பவரின் பக்கம் தராசு சற்றே தாழ்கிறது.

ஆயினும் அந்தத் தராசு ஒரு சிறு கடதாசித் துண்டில் தங்கியிருக்கிறது. ஊசியின் கீழே செருகப்படும் அந்தத் துண்டிலே ஊர், திகதி, பிடித்தவர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். அது இல்லாத பூச்சி ஆய்வுக்கு உதவாது. திருகோணமலைக்கு இதில் நீண்ட தொடர்பு உண்டு. 1890களின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பீரங்கிப் படையைச் சேர்ந்த யெர்பரி என்ற அதிகாரி இங்கே பிடித்த குளவிகளும் ஈக்களும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குச் சென்றன. 1970களில் அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த குறொம்பைன் என்னும் குளவி ஆய்வாளர் சீனக்குடாவிலும் சேகரித்தார். நூறு ஆண்டுக்கு முன் இக்கரையில் எது வாழ்ந்தது, இப்போது எது இல்லை என்பதை அறிய விரும்புபவருக்கு இன்று அவை சாட்சி சொல்கின்றன. அந்த உயிர்கள் கடல் கடந்து போனது குறித்து வருத்தப்படலாம். ஆனால் திருகோணமலை என்ற பெயர் அவற்றோடு போயிருக்கிறது.

இதற்கு எதிர்மாறானதும் நடந்தது. 2024 மே மாதம் யால தேசிய பூங்காவிலே இத்தாலியத் தந்தையும் மகனும் 92 இனங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்டனர். நீதிமன்றம் ஆறு கோடி ரூபா தண்டம் விதித்தது. அனுமதியின்றி எடுத்தது சட்டப்படி குற்றம். பெட்டியிலே அழகுக்காகவும் அருமைக்காகவும் அடுக்குவதற்கு உயிர் எடுப்பது அறத்தின்படியும் நிற்காது. அது விலை பேசப்படும் பொருளாகும்போது இன்னும் கீழே போகிறது. பாடசாலைக் கண்காட்சிக்காகப் பெயரும் திகதியும் இன்றி அட்டையில் ஒட்டப்பட்டு, மறுவாரம் குப்பைக்குப் போகும் வண்ணத்துப்பூச்சிகளையும் இந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். தண்டம் விதிக்க ஆள் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

பூச்சிக்கு நோவு தெரியாது என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. அந்தச் சமாதானம் வரவர வலுவிழக்கிறது. வண்டுத் தேனீக்கள் எந்தப் பயனும் இன்றிச் சிறு உருண்டைகளை உருட்டி விளையாடுவதை இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தார் 2022 இல் வெளியிட்டனர். 2024 ஏப்ரலில் அறிஞர் பலர் நியூயோர்க்கில் ஒப்பமிட்ட அறிக்கையொன்று, பூச்சிகளுக்கும் உணர்வு இருக்கக்கூடும் என்பதைப் புறந்தள்ள முடியாது என்றது. சிலந்தியை நாயன்மாராகக் கண்ட சமயத்தாருக்கு இது புதுச் செய்தி அல்ல.

கண்ணப்பர் வேட்டையாடியும் இறைவன் ஏற்றானே என்று சிலர் வாதிடுவர். அவர் தம் கண்ணையே பிடுங்கி அப்பியதை அவ்வாதத்தில் மறந்துவிடுகின்றனர். படிப்புக்காக என்ற சொல் வினையைத் துடைத்துவிடும் என்று எண்ணுவது அத்தகைய மறதிதான். கொல்ல வேண்டி வந்தால் அந்த மாணவர் ஒரு கடனை ஏற்கிறார் என்பதே பொருத்தமான பேச்சு. முன்பே பெயரிடப்பட்டு நூதனசாலையில் இருப்பதை மீண்டும் கொல்லாமை, ஒன்று போதுமான இடத்தில் பத்து எடுக்காமை, நிழற்படத்தால் இனம் காணக்கூடிய வண்ணத்துப்பூச்சியையும் தும்பியையும் படமெடுத்துப் பறக்கவிடுதல், எடுத்ததைப் பிறர் ஆராயும்படி பேணிக் கொடுத்தல் ஆகியவை அக்கடனுக்கான தவணைகள். நுளம்பும் சிறு குளவியும் படத்திற்கு அகப்படா. அவற்றிற்கு உருப்பெருக்கியே வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மாரி தொடங்கும் காலத்தில் ஆலய வீதியின் மின்விளக்குகளைச் சுற்றி ஈசலும் விட்டிலும் வண்டும் மொய்ப்பதும், விடியற்காலையில் அவை திண்ணையோரம் செத்துக் கிடப்பதும் அடியார் அறிந்ததே. தொண்டர் விளக்குமாற்றால் கூட்டி அள்ளி எறிவர். அவற்றுள் சிறகு முறியாதவற்றைப் பொறுக்கினால் ஒரு மாணவரின் பெட்டி நிறையும். கொல்லும் போத்தல் தேவைப்படாது. கடதாசித் துண்டில் இறக்கக்கண்டி என்றும், திகதியும், விளக்கின் கீழ் இறந்து கிடந்தது என்றும் எழுத வேண்டியதுதான்.