நமக்கே இல்லாதபோது அந்நியனுக்கா?



வீடு கட்டுகிற இடத்திலும் ஓட்டல் சமையற்கட்டிலும் இன்று நம் ஊரில் இந்தியும் வங்காளமும் ஒடியாவும் காதில் விழுகின்றன. பீகாரிலும் ஒடிசாவிலும் பிறந்த வாலிபர்கள் இங்கே சாந்து குழைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "நம் ஊர் ஏழைக்கே வழியில்லை, வந்தவனுக்கு என்ன இரக்கம்?" இப்படிக் கேட்பவர் கல்நெஞ்சர் அல்லர். மகனுக்கு வேலையில்லையே என்று தவிக்கும் தகப்பனும் இதையே கேட்கிறார். ஆகையால் மரியாதையோடு விடை தேடுவோம்.

இதே கேள்வியை ஒரு காலத்தில் நம்மைப் பார்த்துப் பிறர் கேட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாக் காட்டில் வளர்ந்தவை. அங்கே போனவர்கள் வட்டிக்கடை வைத்த நகரத்தார் மட்டுமல்ல. கணக்கெழுதவும் சமைக்கவும் மூட்டை தூக்கவும் ஏழை எளியவர்களும் கப்பலேறினார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனடைக்க முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் வட்டிக்கடைகளுக்குக் கைமாறின. 1937-க்குள் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அப்படிப் போயிற்று. பர்மியனின் கோபத்தில் நியாயமே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் அந்தக் கோபம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலியாட்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் அவர்கள் இடத்தில் பர்மியரை அமர்த்தின. பிறகு தெலுங்கரோடு சமரசம் ஏற்பட்டதும் பர்மியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. கலகம் மூண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். வெட்டியவனும் ஏழை, வெட்டுப்பட்டவனும் ஏழை. இருவரையும் மாற்றி மாற்றி வைத்து வேலை வாங்கியவர்களிடம் போய் எவரும் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

1942-ல் ஜப்பானியப் படைக்குப் பயந்து நம்மவர் அரக்கான், மணிப்பூர் மலைகளைக் கால்நடையாய்க் கடந்ததும், 1960-களில் மறுபடியும் வெறுங்கையோடு கப்பலில் வந்திறங்கியதும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காரைக்குடியிலேயே பர்மா காலனி இருக்கிறதே! 1964 அக்டோபர் 30-ந் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்த தோட்டத் தொழிலாளருக்கோ அங்கே 'இந்தியர்' என்று பெயர், இங்கே 'சிலோன்காரர்' என்று பெயர்.

சரி, நம் வேதம் என்ன சொல்லுகிறது? சொந்தக் குடும்பத்தை மறந்து ஊருக்கு வாரிக்கொடு என்று அது சொல்லவில்லை. நேசத்திற்கும் ஒரு வரிசைக்கிரமம் உண்டு, நெருங்கியவருக்கு முதற்கடமை என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் போதிக்கிறார். அதோடு நிறுத்தாமல், தகப்பனுக்கு அவ்வளவு அவசரத் தேவை இல்லாதபோது, கடைசி நெருக்கடியில் இருக்கும் அந்நியனுக்கே முதலில் உதவவேண்டிய நேரமும் உண்டு என்கிறார். ஆகவே 'இவன் யார் பிள்ளை?' என்பதோடு, 'இவன் தேவை எவ்வளவு?' என்றும் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1952-ல் எழுதிய நிருபத்தில், எஜிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே அகதிகள் எல்லாருக்கும் மாதிரியாகவும் அடைக்கலமாகவும் காட்டினார். வசதியுள்ள நாடுகள் தங்களால் இயன்றமட்டும் அந்நியரை ஏற்க வேண்டும் என்றும், வந்தவர் அந்நாட்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. விருந்தாளிக்கும் கடமை உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வடக்கத்திப் பிள்ளைகள் எல்லை கடந்தவர்களும் அல்லர், நம் தேசத்தாரே. அவர்கள் நம்மிடம் பிச்சையும் கேட்கவில்லை. இங்கேதான் நாம் தர்மத்தையும் நீதியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளுகிறோம். கிறிஸ்துமஸுக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு, மாதக்கூலியில் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டால் அது தர்மமாகாது. கூலிக்காரனின் கூலியை வஞ்சிப்பது பரலோகத்தை நோக்கி முறையிடும் பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்நியனின் முறையீடும் அந்த வரிசையிலேயே வருகிறது.

வந்தவனால் நம் பையன் கூலி குறைந்தது என்கிறோமே, குறைவாய்க் கொடுப்பது யார்? வந்தவனுக்கும் நம் ஊர்க்காரனுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று வைத்தால், மலிவுக்காக ஒருவனைத் தள்ளி மற்றவனை வைக்கும் ஆசையே எழாது. நம் ஊர்த் தகப்பனின் பிள்ளைக்கும் அதனால்தான் நன்மை.

நம் பங்கிலும் வீடு கட்டுகிறவர்கள் உண்டு, கடை நடத்துகிறவர்கள் உண்டு, கான்ட்ராக்ட் எடுப்பவர்களும் உண்டு. அடுத்த சனிக்கிழமை கூலி பட்டுவாடா செய்யும்போது மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பையன்களுக்கு நாள் கூலி எவ்வளவு? முழுதும் அவர்கள் கைக்குப் போகிறதா, நடுவில் ஏஜெண்டு பிடித்துக்கொள்ளுகிறானா? சாரத்திலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? ராத்திரி எங்கே படுக்கிறார்கள்?