பொய்ச் செய்தி கொண்டு வருபவன்



பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலித்து வருமாறு வலீத் இப்னு உக்பாவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அக்கூட்டத்தாருக்கும் அவருக்கும் அறியாமைக் காலத்துப் பகை உண்டு. வரவேற்கத் திரண்டு வந்தவர்களைக் கண்டதும், கொல்லத்தான் வருகிறார்கள் என்று பயந்து திரும்பிவிட்டார். ஜகாத் தர மறுத்தார்கள், கொல்லவும் துணிந்தார்கள் என்று மதீனாவில் அறிவித்தார். படை புறப்படும் நிலை வந்துவிட்டது. நல்ல வேளை, அக்கூட்டத்தாரே வந்து உண்மையை விளக்கினார்கள். ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் இச்சந்தர்ப்பத்தில் இறங்கியதாகத் தப்ஸீர் ஆசிரியர் பலர் எழுதியுள்ளனர். வந்த செய்தியை விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்தாதீர்கள் என்பது அதன் கருத்து.

விசாரிக்கும் கடமை கேட்பவருக்கு. ஆனால் 999-ஐ எடுப்பவர் என்ன விசாரிக்க முடியும்? 2007-இல் நம் நாட்டில் போலீஸ், தீயணைப்பு, மருத்துவம் முதலிய சேவைகள் அந்த ஒரே எண்ணில் இணைக்கப்பட்டன. தீ என்றால் வண்டியை அனுப்பித்தான் ஆக வேண்டும். விசாரித்துக்கொண்டிருந்தால் வீடு சாம்பலாகிவிடும். ஆகவே முழுப் பொறுப்பும் சொல்பவர் தலையில் விழுகிறது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களைச் சுற்றி வியாபாரம் செய்யும் நமக்கு இது நன்றாகப் புரியும். கோலப்பிலா, பகாவ், தம்பின் பக்கத்து உள்தோட்டங்களுக்குத் தார்ச்சாலையை விட்டுச் செம்மண் பாதையில் திரும்பி, செம்பனைக்குள் வெகுதூரம் போக வேண்டும். பொய்யை நம்பி ஓர் ஆம்புலன்ஸ் அங்கே போய்த் திரும்பும் நேரத்தில், வேறொரு லயத்தில் நெஞ்சுவலியால் துடிப்பவருக்கு யார் வருவார்?

“விளையாட்டுக்குத்தானே!” என்பார்கள். பிரயாணத்தில் உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் பொருளை மற்றொருவர் வேடிக்கையாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திகிலடையச் செய்வது ஆகுமானதல்ல என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒருவரின் உறக்கம் கலைந்ததற்கே இந்தக் கண்டிப்பு!

அரசாங்கச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. பொய்யென்று தெரிந்தே அரசு ஊழியருக்குத் தகவல் தந்து அவரை அலைக்கழிப்பவருக்குத் தண்டனைச் சட்டம் 182-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். செய்யாத குற்றத்தை ஒருவர் மேல் சுமத்தி வழக்குக்கு இழுப்பதோ 211-ஆம் பிரிவில் சேரும். சிறை இரண்டு ஆண்டு வரை, பெருங்குற்றமாயின் ஏழு ஆண்டு வரை நீளும்.

வியாபாரிகளாகிய நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். எதிர்க்கடையில் கூட்டம் கூடுகிறது. உடனே கள்ளச் சிகரெட் விற்கிறான் என்று ஒரு தகவல்! இதுவும் அதே 182-தான். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தை நம் பெரியவர்கள் கண்டவர்கள். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரம் அன்று இருந்தது. காட்டுக்குள் சாமான் போகாதிருக்க, கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டு விற்க வேண்டியிருந்தது. அந்நாளில் இன்ன கடைக்காரர் காட்டுக்காரருக்கு அரிசி கொடுக்கிறார் என்று ஒரு மொட்டைக் கடிதம் போனால் அவர் குடும்பத்தின் கதி என்ன? பொறாமை அன்றைய சரக்கு மட்டுமல்ல, இன்றும் நம் கடைத்தெருவில் உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, “வம்பு எதற்கு?” என்று எவரும் தொலைபேசியைத் தொடாமல் இருந்துவிட வேண்டாம். தெரிந்தே சொல்லும் பொய்தான் குற்றம். புகையைக் கண்டு தீயென்று பதறி நல்லெண்ணத்தோடு அழைத்தவரை 182 தொடாது.

கடைப் பையன்களிடமும் இதைச் சொல்லி வைப்போம். கூடவே தோட்டத்தின் பெயர், டிவிஷன், பெரிய சாலையிலிருந்து எந்தத் திருப்பம், பாலம் எந்தப் பக்கம் என்ற விபரங்களை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டிவைப்போம். பதற்றத்தில் வழி சொல்ல வராது.