புகை எங்கே போயிற்று?



புகை கக்காத ரயில் வண்டியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஜெர்மனியில் 2018-லேயே அது ஓடத் தொடங்கிற்று. ஹரியானாவில் ஜிந்துக்கும் சோனிபட்டுக்கும் இடையே விடுவதற்கென்று ஏற்பட்ட நம் தேசத்து வண்டியைப் பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் 2025 ஜூலையில் பரீட்சித்தார்கள். டீசலுக்குப் பதில் ஹைட்ரஜன். அது பிராணவாயுவோடு சேர்கையில் மின்சாரம் பிறக்கிறது. வெளியே வருவது வெறும் நீராவி.

நல்லதே. ஆனால் ஹைட்ரஜன் நம் ஊர்ப் பலாவைப்போல் மரத்தில் காய்ப்பதில்லை. தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து எடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 55 யூனிட் ஆகும். வெயிலிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்த மின்சாரமென்றால் குறையில்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை எரித்து வந்ததென்றால்? யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு. ஆக, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 55 கிலோவுக்கும் அதிகம். அதே தூரத்தை ஐந்து லிட்டர் டீசலில் ஓடிவிடலாம்; அதன் புகை 14 கிலோவைத் தாண்டாது. டீசலே பரிசுத்தவானாகி விடுகிறது, பாருங்கள்!

வண்டியில் ஏறுகிறவன் புகையைக் காணவில்லை. அதனால் அவனுக்கு அதில் பங்கில்லை எனலாமா? தீமையைச் செய்கிறவனும் அதற்குக் கைகொடுக்கிறவனும் ஒன்றல்ல, தெரிந்து கொடுப்பவனும் தெரியாமல் கொடுப்பவனும் ஒன்றல்ல என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். தூரத்து ஊரான் தெரியாதென்று சொல்லலாம். 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது முதல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நாம் எப்படிச் சொல்வது? அந்தக் குழியெல்லாம் ஒருவருடைய முந்திரித் தோப்பு, ஒருவருடைய நன்செய். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சைப் பயிரின்மேல் இயந்திரங்கள் ஏறியதை யார் மறந்தார்கள்?

சுரங்கத்தில் உழைக்கும் குடும்பஸ்தர் மனம் நோக வேண்டாம். கூலிக்கு மண் வெட்டுகிறவன்மேல் பழியைப் போட்டுவிட்டு, ஸ்விட்சைத் தட்டுகிறவன் நீதிமானாக முடியாது. இதை எழுதும் எனக்கும் மேலே மின்விளக்குத்தான் எரிகிறது.

ஹைட்ரஜன் வேண்டாமென்று சொல்ல வரவில்லை. எந்த மின்சாரத்தில் எடுத்தது என்று கேட்காமல் மெச்ச வேண்டாமென்கிறேன். நம் பண்ருட்டி வழியே போகும் மின்சார ரயிலுக்கும் கேள்வி இதுவேதான். "புகையே இல்லையே, அப்பா!" என்று ஸ்டேஷனில் பிள்ளை ஆச்சரியப்பட்டால் அப்போது ஒன்றும் சொல்லாதீர்கள். நெய்வேலிப் பக்கம் போகிற அன்று புகைபோக்கிகளைக் காட்டி, அது எங்கே போயிற்றென்று அவனையே கேளுங்கள்.