துண்டு போட்டு மூடும் உரிமை

வீட்டுக்குள் வைக்கிற வைஃபை கேமராவுக்குக் கழுத்து உண்டு. உருண்டையாக ஒரு தலை, அதில் ஒரு கண், உள்ளே சின்னதாக இரண்டு மோட்டார். ஒன்று தலையைப் பக்கவாட்டில் சுற்றும், இன்னொன்று மேலும் கீழும் அசைக்கும். போன் திரையில் விரலை இழுத்தால் தலை அந்தப் பக்கம் திரும்பும். நீங்கள் நியூ ஜெர்சியில் ரயிலுக்காக நின்றுகொண்டிருக்கலாம், கேமரா காரைக்குடியில் டிவிக்கு மேலே ஷெல்ஃபில் இருக்கலாம். விரல் அசைந்த ஓரிரு நொடியில் அங்கே தலை அசையும்.

இது நடக்கிற விதம் எளிமையானதுதான். கரண்ட் வந்ததும் கேமரா தானாகவே கம்பெனியின் சர்வர் ஒன்றைத் தேடிப்போய் இணைப்பு வைத்துக்கொள்கிறது. உங்கள் போனும் அதே சர்வரிடம் போகிறது. அது இரண்டையும் சேர்த்துவைக்கிறது. அதனால்தான் ரூட்டரில் எதையும் நோண்டாமல், ஒரு க்யூஆர் கோடைக் காட்டி ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட முடிகிறது. இருட்டினால் அகச்சிவப்பு விளக்கு எரியும், கறுப்பு வெள்ளையில் படம் வரும். மைக்கும் ஸ்பீக்கரும் இருப்பதால் அங்கே பேசுவது கேட்கும், இங்கிருந்தும் பேசலாம். ஆள் நடந்தால் தலை பின்னாலேயே திரும்புகிற வசதியும் பல மாடல்களில் வந்துவிட்டது.

கடைக் கேமரா, தெருமுனைக் கேமரா பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் யோசிப்பது பாசத்தினால் வாங்கப்படும் கேமராவைப் பற்றி. அப்பா இறந்துவிட்டார், அம்மா ஊரைவிட்டு வரமாட்டேன் என்கிறார், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. "ஒரு சேஃப்டிக்குத்தாம்மா" என்று சொல்லி விடுமுறைக்கு வந்த மகன் மாட்டிவிட்டுப் போகிறான். நம் ஊர்களில் இப்போது இது சாதாரணக் காட்சி. இதில் தப்பென்ன இருக்கிறது?

முதலில் மகன் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது வலுவான பக்கம். வயதானவர்கள் விழும்போது அடி ஒரு ஆபத்து. யாரும் வராமல் தரையிலேயே மணிக்கணக்காகக் கிடப்பது தனியாக இன்னொரு ஆபத்து. உடம்பில் நீர் வற்றும், அழுந்திய இடத்தில் புண் வரும், தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். மதியம் விழுந்தவரை மறுநாள் காலை பால்காரர் பார்ப்பதற்கும், பத்து நிமிடத்தில் மகன் பார்த்துப் பக்கத்து வீட்டுக்கு போன் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் உயிர். 'கண்காணிப்பு கெட்டது' என்ற ஒற்றை வரியோடு இந்த மகனிடம் போய் நிற்க முடியாது.

கண்காணிப்பு பற்றிய கட்டுரைகளில் ஜெரமி பெந்தம் தவறாமல் வந்துவிடுவார். நடுவில் ஒரு கோபுரம், சுற்றி வளையமாகக் கைதிகளின் அறைகள், கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று கைதிக்குத் தெரியாது. 1791இல் அச்சான அந்தச் சிறைத் திட்டத்தை வைத்து எவ்வளவோ விளக்கலாம். அம்மாவின் கேமராவை விளக்க மட்டும் அது போதவில்லை. சிறைக் காவலருக்குக் கைதி சாப்பிட்டாரா என்ற கவலை கிடையாது. இங்கே கவலை நிஜம். நிஜமான அன்போடு ஒருவர் பார்க்கும்போது, பார்க்கப்படுபவர் 'பார்க்காதே' என்று சொல்ல வாயே வராது. சொன்னால் நன்றி கெட்ட பேச்சாகிவிடும். அன்பு இல்லாத இடத்தில் எதிர்ப்பது இதைவிடச் சுலபம்.

சட்டமும் இங்கே வராது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. ஆனால் அது முதன்மையாக அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான விஷயம். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சட்டம் வாசலில் நின்றுவிடுகிறது. உள்ளே அம்மாவும் மகனும்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

இந்தக் கருவியின் மூதாதையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினச் செவிலியர் இருந்தார். கணவர் ஆல்பர்ட் பிரவுன் மின்னணுத் தொழில்நுட்பர். இருவருக்கும் வேலை நேரம் ஒழுங்கில்லாதது. வீட்டில் தனியாக இருக்கும்போது கதவு தட்டப்பட்டால் மேரிக்குப் பயம். 1966இல் இருவரும் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள். மேலும் கீழும் நகர்ந்து அவற்றின் வழியே வெளியே பார்க்கும் ஒரு கேமரா. படுக்கையறையில் ஒரு டிவி. வந்தவரோடு பேச மைக். கதவைத் தூரத்திலிருந்தே திறக்க ஒரு பொத்தான், ஆபத்தென்றால் அழுத்த இன்னொன்று. இன்றைய வைஃபை கேமராவின் எல்லா உறுப்பும் அதில் இருக்கிறது.

ஆனால் திசையைக் கவனியுங்கள். பயந்த பெண் வீட்டுக்குள் இருக்கிறார். கேமரா வெளியே பார்க்கிறது. அதை நகர்த்தும் பொத்தான் அவர் கையில். காரைக்குடி வீட்டிலும் தனியாக ஒரு பெண்தான் இருக்கிறார். கேமரா அவரைப் பார்க்கிறது. நகர்த்தும் விரல் எட்டாத தூரத்தில். 'பாதுகாப்பு' என்ற சொல் மட்டும் மாறாமல் நிற்க, மற்றதெல்லாம் தலைகீழாகிவிட்டது. மேரியின் கருவி அவர் பயத்துக்கான மருந்து. அம்மாவின் வீட்டில் இருப்பது யாருடைய பயத்துக்கான மருந்து? நேர்மையாகச் சொன்னால், பாதிக்கு மேல் மகனுடைய பயத்துக்கு. தூரத்தில் இருக்கிறோமே என்ற உறுத்தலுக்கு. அது பொய்யான உறுத்தல் என்று நான் சொல்லவில்லை. மருந்து ஒருவருக்கு, அதைக் குடிப்பவர் இன்னொருவர் என்றால் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்காவிட்டால் என்ன போகும்? போன் பேச்சு போகும்.

"சாப்டியா?" என்பது நம்மிடம் வெறும் தகவல் கேட்கும் கேள்வியா? 'உன் ஞாபகமாவே இருக்கேன்' என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஒரு சமூகம் கண்டுபிடித்த மாற்றுவழி அது. பதிலுக்கு அம்மாவும் "சாப்டேன்ப்பா" என்பார். உண்மையில் ராத்திரி ரெண்டு பிஸ்கட்டும் காபியும்தான். தனக்காக மட்டும் அடுப்பு பற்றவைக்க அலுப்பாக இருந்திருக்கும். பிள்ளை அங்கே உட்கார்ந்து கவலைப்படக் கூடாது என்று ஒரு சின்னப் பொய். தீங்கில்லாத பொய்க்கு வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார்.

இப்போது கேமராவில் பார்த்துவிட்டு மகன் அதே கேள்வியைக் கேட்கிறான். பதில் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். கேள்வி சோதனையாகிவிட்டது. "சாப்டேன்" என்றால், "பொய் சொல்லாதம்மா, கிச்சன் பக்கமே நீ போகல." வார்த்தை என்னவோ அக்கறையின் வார்த்தைதான். ஆனால் எழுபது வயதில் அம்மா கையும் களவுமாகப் பிடிபட்டு நிற்கிறார். எதைச் சொல்வது, எதை மறைப்பது, பிள்ளையிடம் எவ்வளவு தெம்பாகத் தெரிவது என்பதெல்லாம் அதுவரை அவர் கையில் இருந்தன. வளர்ந்த மனிதர் என்பதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் என்ன இருக்கிறது? அதன்பிறகு அவர் மகனுக்காக நடிக்கத் தொடங்குவார். ஹாலில் கேமராவுக்கு நேராக உட்கார்ந்து சாப்பிடுவார். அழ வேண்டுமென்றால் பின்கட்டுக்குப் போவார்.

"எப்பதான் நம்ம ஊர்ல யாரும் யாரையும் பார்க்காம இருந்தாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாவின் கண்ணுக்குத் தப்பி எந்தத் தெருவிலும் யாரும் நடந்ததில்லை. அந்தப் பார்வையின் கொடுமையை, குறிப்பாகப் பெண்கள்மேல் அது செலுத்திய அதிகாரத்தை, நான் அழகுபடுத்தப் போவதில்லை. ஆனால் திண்ணையில் இருப்பவரும் எல்லோர் கண்ணிலும் படுகிறார். "என்ன பாக்குற?" என்று திருப்பிக் கேட்கலாம். அந்தப் பார்வைக்கு ஒரு முகவரி உண்டு.

சார்த்தர் 1943இல் வெளியான தன் தத்துவ நூலில் ஒரு காட்சியை விவரிக்கிறார். ஒருவன் சாவித் துவாரம் வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்ப்பதிலேயே மூழ்கியிருப்பதால் தான் என்ன செய்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அப்போது தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்கிறது. அந்த நொடியில்தான் 'நான் ஒட்டுப்பார்ப்பவன்' என்று அவனுக்கே தெரிகிறது, வெட்கம் வருகிறது. இன்னொருவர் நம்மைப் பார்க்கக்கூடும் என்பதுதான் நம்மை நமக்குக் காட்டுகிறது என்பது சார்த்தரின் வாதம். போனில் பார்ப்பவருக்குத் தாழ்வாரமே கிடையாது. ரயிலில் பக்கத்தில் நிற்பவருக்கு அது ஏதோ ஒரு வீடியோ. மகன் எவ்வளவு நேரம் பார்த்தான், எந்த நேரத்தில் பார்த்தான் என்று அவனை வெட்கப்படவைக்க ஒரு காலடிச் சத்தமும் வராது.

ஆனால் இந்தக் கருவியில் வேறொரு சத்தம் இருக்கிறது. தலை திரும்பும்போது மோட்டார் 'ர்ர்ர்' என்று மெல்ல இரையும். அமைதியான வீட்டில் அது நன்றாகக் கேட்கும். பார்க்கப்படுபவருக்குக் கேட்கும் காலடி அது. அசையாத கேமராவில் இந்த நேர்மைகூட இல்லை. சத்தம் வந்ததும் அம்மா நிமிர்ந்து அந்தக் கண்ணைப் பார்த்து, "என்னடா, முழிச்சிருக்கியா?" என்று கேட்டால், மகனும் ஸ்பீக்கரில் பதில் சொன்னால், அந்த நிமிடத்தில் அது கண்காணிப்பாக இல்லை, வருகையாகிவிட்டது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவது போல.

அறையில் இன்னொருவரும் இருக்கிறார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா. காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டுவரை அதே கேமராவின் கீழ்தான் அவருடைய வேலையும் ஓய்வும். "கேமரா இருக்குன்னு சொல்லிட்டுத்தானே வேலைக்கு வெச்சோம்" என்கிறோம். சம்பளம் வேண்டும் என்பவரிடம் தகவல் சொல்வதும் சம்மதம் வாங்குவதும் ஒன்றா? அவர் மதியம் அரைமணி நேரம் கால் நீட்டிப் படுத்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும்போது, அங்கே ஒருவருக்கும் கூச்சம் வருவதில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் முதியோர் இல்ல அறைகளில் குடும்பத்தினர் கேமரா வைப்பதற்கு 2001இலேயே சட்டம் போட்டது. அதே அறையில் தங்கியிருக்கும் இன்னொரு முதியவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் அதில் கட்டாயம். கேமரா என் பக்கம் திரும்பக் கூடாது என்று அவர் நிபந்தனை போடலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு அவ்வளவு மரியாதை உண்டென்றால், நம் அம்மாவின் உடம்பைத் துடைத்துவிடுகிறவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

ஆக, பார்க்கலாமா கூடாதா என்பது என் கேள்வி இல்லை. மூடுகிற உரிமை யாரிடம் என்பதுதான் கேள்வி. பல மாடல்களில் 'பிரைவசி மோட்' என்று ஒன்று இருக்கிறது. தட்டினால் கண் உருண்டு கூட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். அந்தப் பொத்தான் பெரும்பாலும் ஆப்பில், அதாவது பார்ப்பவரின் போனில்தான் இருக்கிறது. பார்க்கப்படுபவருக்குக் கொடுக்க வேண்டியதைப் பார்ப்பவரிடமே கொடுத்துவிட்டு அதற்கு அந்தரங்கம் என்று பேர்.

இதைச் சரிசெய்யப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். கேமராவை அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கலாம். பக்கத்தில் ஒரு துண்டு. "எப்ப வேணும்னாலும் மூடிக்கம்மா, ஏன்னு நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே கேட்காமல் இருக்க வேண்டும். பார்ப்பதற்கு முன் போன் அடிக்கலாம், எடுக்காவிட்டால் மட்டும் திறந்து பார்க்கலாம். வேலைக்கு வருபவருக்கும் அதே துண்டு, அதே உரிமை.

ஞாபகம் தவறிப்போனவர்கள் விஷயத்தில் இது கடினமாகிவிடும். அடுப்பை அணைக்க மறப்பவர், நடுராத்திரி கதவைத் திறந்துகொண்டு போகிறவர், துண்டைப் போட்டு மூடினால் அப்படியே விட்டுவிட முடியாது. அங்கே உயிர்தான் முதலில். ஆனால் அந்த நாள் ஒரே ராத்திரியில் வருவதில்லை. தெளிவாகப் பேச முடிகிற காலத்திலேயே "எதை நான் பார்க்கக் கூடாதும்மா?" என்று கேட்டுவைத்துக்கொள்ளலாம். குளித்துவிட்டு வரும் நேரம், சாமி அறை, அழுகை, ஏதோ ஒன்றைச் சொல்வார். பின்னால் அவருக்கே அது மறந்துபோனாலும் கேட்டவருக்கு மறக்கக் கூடாது.

துண்டைக் கொடுத்த பிறகு ஒருநாள் போனைத் திறந்தால் திரை கறுப்பாக இருக்கும். அம்மா மூடியிருக்கிறார். விழுந்திருந்தால் மூடியிருக்க முடியாது என்று புத்தி சொல்லும். மனசு கேட்காது, விரல் பக்கத்து வீட்டு நம்பரைத் தேடும். எத்தனை மணி நேரம் காத்திருப்பது என்று இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அதுவரை அந்தக் கறுப்புத் திரையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாம் வயசுப் பிள்ளைகளாக இருந்தபோது அறைக் கதவைச் சாத்திக்கொண்டோம். தட்டலாமா வேண்டாமா என்று வெளியே நின்று யோசித்தவர்தான் இப்போது அந்தத் துண்டுக்குப் பின்னால் இருக்கிறார்.