2035 என்ற எண்

இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள், ஒருவேளை அதற்கும் முன்பே, மறைந்துபோகும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2007-இல் எழுதியது. கங்கைக்கும் சிந்துவுக்கும் பிரம்மபுத்திராவுக்கும் நீர் தருபவை அவை. செய்தி உலகெங்கும் பரவியது.

எண் தவறு. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனி ஆண்டுக்கு ஒரு மீட்டர் கரைந்தாலும் 28 ஆண்டுகளில் தீராது. பனியாற்றை அளந்து பழகியவர்களுக்கு இது மனக்கணக்கு. 1999-இல் நியூ சயின்டிஸ்ட் இதழில் வந்த ஒரு செய்தி, 2005-இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் அறிக்கைக்குள் போய், அங்கிருந்து ஐ.பி.சி.சி.யின் 938 பக்கத் தொகுதியின் ஒரு பத்தியில் வந்து உட்கார்ந்தது. நிலவியலாளர் வி.கே.ரைனா 2009 நவம்பரில் இந்திய அரசின் அறிக்கையில் மாற்றுக் கருத்து சொன்னபோது, குழுவின் தலைவர் ராஜேந்திர பச்சௌரி அதை ஏளனமாக ஒதுக்கினார். ரைனாவின் முடிவுகளையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அளவீட்டுக்கு அளவீடுதான் பதில்.

2010 ஜனவரி 20-இல் குழு வருத்தம் தெரிவித்தது.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். பூமியைக் காக்கக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்ற எண்ணமும் அதே வழியில் வருவதுதான். உண்மையை அடக்கிச் சொன்னால் யாரும் அசைவதில்லை என்ற வேதனை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த வேதனை நியாயமானது. வழி நியாயமானதல்ல. பனிநீரை நம்பி வாற்கோதுமை விதைக்கும் லடாக் உழவருக்குத் தேவை நடுக்கமல்ல. எவ்வளவு நீர் குறையும், எப்போது குறையும் என்ற கணக்கு. தவறான எண்ணைக் கொடுப்பது அவர் தம் வாழ்வைத் தாமே திட்டமிடும் உரிமையில் கை வைப்பதாகும்.

ஐ.பி.சி.சி. செய்தது பொய்யல்ல, கவனக்குறைவு. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் கதை வேறு. அதன் அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக் 1977-இலேயே காலநிலை மாற்றம் பற்றி நிர்வாகத்தை எச்சரித்தார். அதற்குப் பின்னும் அந்நிறுவனம் ஆண்டுக்கணக்கில் மக்களிடையே ஐயத்தைப் பரப்பியது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநீதி. குழு தன் பிழையை ஊரறிய ஒப்புக்கொண்டது. 2011-இல் பிழை திருத்துவதற்கென்றே நடைமுறை வகுத்தது.

அச்சுறுத்த மிகைப்படுத்தல் தேவையே இல்லை. வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும், இந்துகுஷ்–இமயமலைப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 2100-க்குள் கரைந்துவிடும் என்கிறது காத்மாண்டுவின் இசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு.