நல்ல எண்ணம் மட்டும் போதுமா?

போன செமஸ்டரில் எங்கள் குழு ஒரு சின்ன கருவி செய்தது. விரலில் மாட்டினால் இதயத்துடிப்பைத் திரையில் காட்டும். செய்து முடித்ததும் நண்பன் ஒருவன் அதை என் விரலில் மாட்டிவிட்டு, "உண்மையச் சொல்லு, அசைன்மெண்ட்ட காப்பி அடிச்சியா?" என்று கேட்டான். நான் அடிக்கவில்லை. ஆனால் எல்லாரும் என்னையே பார்த்ததில் துடிப்பு எகிறிவிட்டது. "மாட்டிக்கிட்டான்!" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இதுவே போலீஸ் நிலையமாக இருந்திருந்தால்?

அன்று இரவு பொய் கண்டறியும் கருவியின் கதையைத் தேடப்போய், ஓர் அமெரிக்கப் போலீஸ்காரரின் வாழ்க்கையில் போய் நின்றேன். ஆகஸ்ட் வால்மர். கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி என்ற சிறு நகரத்தின் போலீஸ் தலைவர்.

1876இல் பிறந்தவர். பெரிய படிப்பு கிடையாது. பெர்க்லியில் தபால்காரராக இருந்தார். 1904இல் கழன்றுபோன ஒரு சரக்கு ரயில் பெட்டி, பயணிகள் ரயிலை நோக்கிச் சரிவில் ஓடியது. வால்மர் தாவி ஏறி அதை நிறுத்தினார். அடுத்த ஆண்டே ஊர் மக்கள் அவரை நகரக் காவல் அதிகாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1909இல் போலீஸ் தலைவரானார். 1932இல் ஓய்வு பெற்றார். 1955இல் காலமானார்.

அந்தக் காலத்தில் அங்கே பிடிபட்டவனை அடித்து, தூங்கவிடாமல் வைத்து வாக்குமூலம் வாங்குவது சர்வ சாதாரணம். வால்மர் தன் ஆட்களிடம் அதெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டார். 1908இலேயே போலீசாருக்குப் பள்ளி தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களைப் போலீஸ் வேலைக்குச் சேர்த்தார். 1919இல் வால்டர் கார்டன் என்ற கறுப்பினத்தவரைப் பணியில் அமர்த்தினார். போதைக்கு அடிமையானவனுக்குத் தேவை மருத்துவர், போலீஸ் அல்ல என்று 1936இல் புத்தகத்தில் எழுதினார்.

லாக்கப்பில் ஒருவர் இறந்தார் என்ற செய்தி வரும்போது நம் வீட்டில் அம்மாக்கள் ஏன் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால் வால்மரை எனக்கு உடனே பிடித்துப்போனது.

கதை அதோடு முடியவில்லை. அடிக்காமல் உண்மையைக் கண்டுபிடிக்க என்ன வழி? வால்மரின் ஊக்கத்தில், அவர் படையில் இருந்த ஜான் லார்சன் 1921இல் ஒரு கருவியை உருவாக்கினார். லார்சன் உடலியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் அந்தக் கருவி தொடர்ந்து பதிவு செய்யும். எண்ணம் சுத்தமானது. ஆனால் கருவி அளப்பது பொய்யை அல்ல, உடம்பின் பதற்றத்தை. பயந்த நிரபராதிக்கும் துடிப்பு ஏறும். பிறகு பல இடங்களில் அதுவே ஆளை மிரட்டி வாக்குமூலம் வாங்கும் ஆயுதமானது. உடம்பில் காயம் தெரியாது, அவ்வளவுதான்.

வால்மருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1898இல் பிலிப்பைன்ஸில் போர்வீரராக இருந்தவர் அவர். அங்கே கற்ற ராணுவப் பழக்கங்களைப் போலீசுக்குள் கொண்டுவந்தார். இன்று அமெரிக்கப் போலீஸ் ஒரு படையைப் போல் நடந்துகொள்கிறது என்று குறை சொல்பவர்கள் அவரையும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

அப்படியென்றால் இந்த மனிதரை எப்படி நினைவுகூர்வது?

"மனசு சுத்தம், அது போதும்" என்பது ஒரு பதில். நம்மில் பலர் இதற்குக் கீதையைத் துணைக்கு அழைப்போம். கடமையைச் செய், பலனைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்லியிருக்கே! ஆனால் யோசித்துப் பாருங்கள். பலனில் பற்று வைக்காதே என்பதும், பலனையே பார்க்காதே என்பதும் ஒன்றா? கண்ணை மூடிக்கொண்டு அம்பு விடச் சொல்லி அர்ஜுனனுக்கு யாரும் சொல்லவில்லையே.

எனக்குத் தோன்றுவது நேர் எதிர். "இது என் சாதனை" என்ற பற்றுதான் நம் வேலையின் குறையைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைக்கிறது. லார்சனைப் பாருங்கள். தான் உருவாக்கிய கருவி தவறாகப் பயன்படுவதைக் கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். புகழ் தந்த பொருளையே குறை சொல்ல எவ்வளவு மனத்திடம் வேண்டும்! என் கணக்கில் அதுதான் கர்மயோகம்.

"எல்லாத்துக்கும் அவருதான் காரணம்" என்று தள்ளிவிடுவது இன்னொரு பதில். அதுவும் நியாயமில்லை. நூறு வருடம் கழித்து உட்கார்ந்துகொண்டு, அன்று தெரியாததற்கெல்லாம் தண்டனை கொடுப்பது சுலபம். அவர் அன்று "அடிக்காதே" என்று சொன்னது, பலர் சொல்லத் தயங்கிய வார்த்தை.

எங்கள் வீட்டில் தாத்தாவின் திதி வரும். எள்ளும் தண்ணீரும் விட்டு, அவர் நல்லதை மட்டும் பேசுவோம். ஆனால் பித்ரு கடன் என்பதில் 'கடன்' என்ற சொல் இருக்கிறதே. முன்னோர் விட்டுப்போன சொத்து நமக்கு என்றால், அவர்கள் தீர்க்காத பாக்கியும் நமக்குத்தானே? பெரியவர்களை நினைப்பது என்றால் நன்றி சொல்வதோடு அந்தப் பாக்கியையும் ஏற்றுக்கொள்வது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். வால்மர் எனக்குச் சொந்தமில்லை. ஆனாலும் கருவி செய்யப் படிக்கும் எனக்கு அவரிடமும் ஒரு கடன் இருக்கிறது.

நம்மில் எத்தனையோ பேர் நாளை மென்பொருள் எழுதுவோம், கேமராவுக்கு முகத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்போம். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். செய்து கொடுத்த பிறகு, அது யார் விரலில் மாட்டப்படுகிறது என்று திரும்பிப் போய்ப் பார்ப்போமா?

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். பெர்க்லியில் அடி வேண்டாம் என்ற உத்தரவு கருவி வருவதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. ஒரு தலைவர் கூடாது என்று சொன்னார், அதில் உறுதியாக நின்றார்.